தொண்ணூற்றொன்று ஏன் ஒத்துக்கொண்டது?

சத்தியமாகச் சொல்கிறேன், அவளிடம் ஆரஞ்சு வாங்கப் போனவர் எவரும் வெறும் பழத்தோடு திரும்பி வந்ததில்லை. ஒரு கேள்வியும் கூடவே வரும். "ஏனுங்க சாமி, இது ஏன் ஒத்துக்குது?" என்பாள். போலீஸ் ஜவானிடம் கேட்பாள், அரண்மனை பாண்டில் கொம்பு ஊதுகிறவரிடம் கேட்பாள், பல் வைத்தியரிடம் கேட்பாள். தெரியாது என்று சொன்னால் முகம் சுளிக்க மாட்டாள். "செரி, யோசிச்சு வையுங்க. நாளைக்கும் இந்தப் பக்கம்தானுங்களே வருவீங்க" என்பாள். அதற்குப் பயந்தே சிலர் இரண்டு இடம் தள்ளிப் போய் வாங்குவார்கள்.

அரண்மனைப் பட்டணத்தில் தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில் அப்போது பழக்காரர்கள் உட்காரும் சந்து ஒன்று இருந்தது. மகாராஜா காலம். சந்து முனையில் தகரம் போட்ட அறை, அதில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான். யாருக்கு எந்த இடம் என்று பட்டியல் எழுதுவதும், குப்பை அள்ளினார்களா என்று பார்ப்பதும், மேலே இருந்து உத்தரவு வந்தால் உரக்கப் படித்துக் காட்டுவதும் என் உத்தியோகம். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், காகிதத்தில் இங்கிலீஷ். அந்த மூன்றாவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தது என்று சொல்வதுதான் சரி.

அவள் பெயர் என் பட்டியலில் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை, சந்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதே இல்லை. மூட்டை தூக்கும் ஹமாலிகளுக்கு அவள் 'தொம்பத்தொந்தக்கா'. தமிழ் பேசுகிற எங்களுக்கு 'தொண்ணூத்தொண்ணு'. காரணம், அவள் தினமும் தொண்ணூற்றொரு பழம்தான் வாங்குவாள். தொண்ணூறு இல்லை, நூறு இல்லை. மழை பெய்தாலும் சரி, பண்டிகை என்றாலும் சரி.

இத்தனைக்கும் அவளுக்கு எண்ணத் தெரியாது. பத்து வரைக்கும் விரல், அதற்கு மேல் அவளுக்கு எண்கள் இல்லை. குடகிலிருந்து ஆரஞ்சு வண்டி விடியற்காலையில் வந்து நிற்கும். எல்லோரும் "ஒந்து, எரடு" என்று கத்தி எண்ணிக் கூடையில் போடுவார்கள். இவள் தன் பலகையைக் கீழே வைப்பாள். கஜத்துக்குக் கஜம் சதுரப் பலகை. அதன் மேல் ஆறுக்கு ஆறாகப் பழங்களைப் பரப்புவாள். அந்தப் பள்ளங்களில் ஐந்துக்கு ஐந்து. அதன் மேல் நாலுக்கு நாலு, மூன்றுக்கு மூன்று, இரண்டுக்கு இரண்டு. உச்சியில் ஒன்று. அந்த ஒன்று உட்கார்ந்ததும் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். வாங்கி முடிந்தது. எண்ணிக்கைக்கு வார்த்தை எதற்கு, கோபுரம் நின்றுவிட்டதே!

முதல் தடவை பார்த்தபோது நான்தான் பென்சிலால் கூட்டிச் சொன்னேன். முப்பத்தாறு, இருபத்தைந்து, பதினாறு, ஒன்பது, நாலு, ஒன்று. மொத்தம் தொண்ணூற்றொன்று. "அப்புடிங்களா, அதுக்குப் பேர் தொண்ணூத்தொண்ணுங்களா" என்று, புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதிரி சந்தோஷப்பட்டாள். ஆக, அந்தப் பட்டப் பெயருக்கு நானும் ஒரு காரணம்.

கோபுரத்தால் அவளுக்கு இன்னொரு லாபம். ஒரு பழம் குறைந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஒரு நாள் ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகை கட்டிய பெரிய மனுஷர் ஒருவர் அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்பக்கமாக ஒன்றை எடுத்து அங்கவஸ்திரத்துக்குள் விட்டுக்கொண்டார். அவள் தலையைத் திருப்பவே இல்லை. "மூணாந்தட்டுல மூலைப்பழம் கொஞ்சம் புளிக்குமுங்க சாமி. பக்கத்துல இருக்கறதை எடுத்துக்குங்க" என்றாள். மனுஷர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பேசாமல் இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு போனார்.

அவள் ஊர் கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கம். பேச்சில் அந்த 'ங்க' விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணம் ஆனவளா, அறுத்தவளா, விட்டுவிட்டு வந்தவளா என்று சந்தில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு அண்ணன். காட்டில் தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இடுப்புப் போனவன். அவனும் அவன் மூன்று பிள்ளைகளும் இந்தக் கஜப் பலகையை நம்பித்தான் இருந்தார்கள். மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

மத்தியானம் சந்து அடங்கும் நேரத்தில்தான் அவள் விளையாட்டு ஆரம்பமாகும். வியாபாரம் ஆகாத நாட்களில் கோபுரத்தைக் கலைத்துப் பலகையில் முக்கோணமாகப் பரப்புவாள். தன் பக்கம் ஒன்று, அதற்கு அடுத்து இரண்டு, அடுத்து மூன்று என்று போய், எதிர்ப்பக்கம் பதின்மூன்றில் முடியும். ஒன்று மிஞ்சாது, ஒன்று குறையாது. பிறகு அதையும் கலைப்பாள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநாலு, முப்பது. அண்ணன் கொண்டுவந்த தேனடையைப் பார்த்துப் பழகிய ஆறு பக்கத்து உருவம். அதிலும் கடைசிப் பழம் கடைசி இடத்தில் போய் உட்காரும்.

நான் நம்பவில்லை. பழத்தை எங்கேயோ மறைக்கிறாள் என்றே நினைத்தேன். மூன்று உருவத்தையும் என் எதிரிலேயே போடச் சொல்லி மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் தொண்ணூற்றொன்று.

"பாத்தீங்களா சாமி? கோவுரமாவும் நிக்குது, முக்கோணமாவும் படுக்குது, தேன்கூடாவும் சுத்திக்குது. ஏனுங்க ஒத்துக்குது?"

"எல்லா எண்ணும் அப்படித்தான்" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

"இல்லீங்களே" என்று உடனே பதில் வந்தது. "நாலு தட்டுக் கோவுரம் முக்கோணத்துக்கு வராது, ரெண்டு மிஞ்சும். அஞ்சு தட்டு வந்துரும், ஆனா தேன்கூடு ஆவாது. ஏழு தட்டு எதுக்குமே வராது. பக்கத்துக் கூடையில கடன் வாங்கிப் போட்டுப் பாத்துட்டனுங்க."

அறைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு தட்டு முப்பது, முக்கோணம் இருபத்தெட்டில் நின்றுவிடும். ஐந்து தட்டு ஐம்பத்தைந்து, அது பத்து வரிசை முக்கோணம், தேன்கூட்டுக்கு வரவில்லை. ஏழு தட்டு நூற்று நாற்பது, ஒன்றுக்கும் உதவாது. எண்ணத் தெரியாதவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. எரிச்சலாக இருந்தது எனக்கு.

போதாததற்கு அவளிடம் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. சின்னதில் மூன்றுக்கு மூன்றாக மூன்று அடுக்குப் பழம் பிடிக்கும், பெரியதில் நாலுக்கு நாலாக நாலு அடுக்கு. மழைக்காலத்தில் பழத்தை அதில்தான் எடுத்துப்போவாள். இரண்டும் நிரம்பினால் தரையில் பழம் இருக்காது. இருபத்தேழும் அறுபத்துநாலும் தொண்ணூற்றொன்று. "பெட்டியும் ஒத்துக்குச்சுங்க" என்று அறை வாசலில் வந்து நின்று சொன்னாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் லெக்சரர் ஒருவர் அவளிடம் பழம் வாங்குவார். சாது மனுஷர். அவரையும் விடவில்லை. மனுஷர் கால் மணி நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சும்மா அப்படி அமைஞ்சு போச்சும்மா" என்றார் கடைசியில். "அமைஞ்சுது செரிங்க. இது மாதிரி இன்னொண்ணு அமையுமுங்களா?" என்று கேட்டாள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார், அதற்குப் பிறகு எலுமிச்சம்பழம் வாங்கக்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

இப்போது என் அயோக்கியத்தனத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஊரில் வாந்திபேதி பயம். சுகாதார ஆபீசர் ஒருவர் புதிதாக வந்தார். சந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குவித்து வைத்தால் அடியில் அழுகின பழம் மறைந்திருக்கும், இனிமேல் குவியலே கூடாது என்று உத்தரவு போட்டார். பலகையில் ஒரே அடுக்கு, வரிசைக்கு இத்தனை என்று சமமான வரிசைகள். கொண்டுவந்த பழம் அத்தனையும் வரிசையில் இருக்க வேண்டும், மடியிலோ கூடையிலோ ஒன்று தனியாக இருந்தால் அது அழுகினது என்றே கொள்ளப்படும். திங்கட்கிழமை அவரே வந்து பார்ப்பார். முடியாதவர்கள் பெயரை நான் சனிக்கிழமைக்குள் எழுதி அனுப்ப வேண்டும், அவர்கள் இடம் ரத்து.

மற்றவர்களுக்குச் சிக்கலே இல்லை. நூறு பழக்காரன் பத்துப் பத்தாக வைத்தான். அறுபது பழக்காரன் ஆறு வரிசை போட்டான். நான் அவளிடம் போய், "ஏம்மா, உன் தொண்ணூத்தொண்ணை இனிமேல் விட்டுவிடு. தொண்ணூறு வாங்கு, ஒன்பது வரிசை" என்றேன்.

"தொண்ணூறு எப்புடிங்க வாங்கறது? கோவுரம் நிக்காதுங்களே. வண்டிக்காரன் எத்தனை குடுத்தான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

நியாயம்தான். அவளுக்குக் கோபுரம்தான் எண்ணிக்கை. வண்டியடியில் கோபுரம் கட்டி வாங்கிக்கொள்ளலாம், அது சந்துக்கு வெளியே. ஆனால் வாங்கின தொண்ணூற்றொன்றையும் பலகையில் சம வரிசையாக வைத்தாக வேண்டுமே!

என் அறைச் சுவரில் வாய்ப்பாட்டு அட்டை ஒன்று தொங்கியது. நான் படித்தது இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அந்த அட்டையும் அந்த ஜாதி. பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்துநாலு என்று முடியும். அதில் தொண்ணூற்றொன்றைத் தேடினேன். இரண்டில் இல்லை, மூன்றில் இல்லை, ஐந்தில் இல்லை. ஏழாம் வரிசை எண்பத்துநாலோடு முடிந்தது. எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, எங்கேயும் இல்லை. தீர்ந்தது. வெளியே வந்து சந்து முழுக்கக் கேட்கும்படி, "அது வகுபடாத எண். ஒண்டி எண். சம வரிசை எந்த ஜென்மத்திலும் வராது, எப்படிப் போட்டாலும் மிஞ்சும். மிஞ்சினதை என்னிடம் கொடு, நான் தின்றுவிடுகிறேன்" என்றேன்.

ஹமாலிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க போட்டுப் பாத்தீங்களா சாமி?"

"போட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? அட்டையில் இல்லை."

"அட்டை சொல்லுது செரிங்க. பழம் என்ன சொல்லுதுன்னு கேக்கலாமுங்களே."

இப்போது ஹமாலிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஒரு பழக்காரி, பத்துக்கு மேல் எண்ணத் தெரியாதவள், எனக்குக் கணக்குச் சொல்கிறாளா? அன்றைக்கே உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினேன். இந்தப் பெண் கொண்டுவரும் எண்ணிக்கை சம வரிசைகளாக அமைவது அசாத்தியம், குறைத்துக்கொள்ளவும் மறுக்கிறாள், இடத்தை ரத்து செய்யலாம். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டேன்.

அனுப்பின பிறகுதான் யோசித்தேன். கொள்ளேகால் அப்போது எங்கள் ராஜ்யம் இல்லை, மதராஸ் ஆளுகை. அந்நிய ஊர்க்காரிக்கு இடம் ஒரு தடவை போனால் போனதுதான், மறுபடி கிடைக்காது. இடுப்பொடிந்த அண்ணனும் மூன்று பிள்ளைகளும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே நினைப்பு. போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எந்த முகத்தோடு போவது? போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆபீசர் வந்தார். கையில் என் காகிதம். நான் பின்னாலேயே போனேன். எல்லோர் பலகையும் வரிசை வரிசையாக இருந்தது. அவள் பலகையில் மட்டும் முக்கோணம்.

"இதுதானா அந்தத் தொண்ணூற்றொன்று?" என்று தமிழிலேயே கேட்டார். "ஏம்மா, உத்தரவு தெரியாதா? சமமான வரிசை எங்கே? உன் எண் வகுபடாது என்று இதோ எழுதி வந்திருக்கிறதே."

யார் எழுதியது என்று அவர் சொல்லவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க சாமி, முக்கோணத்தைப் படுக்க வைக்கறனுங்க" என்றாள்.

தன் பக்கத்தில் உச்சியில் இருந்த ஒற்றைப் பழத்தை எடுத்தாள். எதிர்ப்பக்கம் கடைசியில் பதின்மூன்று பழமுள்ள வரிசை. அதற்கு முந்தினது பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டின் ஓரத்தில் இந்த ஒன்றை வைத்தாள். ஒவ்வொரு பழத்துக்கும் கையை எடுத்து மடியில் துடைத்துக்கொண்டு, நிதானமாக, மறுபடி எடுத்து வைத்தாள். அடுத்தது இரண்டு. அவற்றைப் பதினொன்றின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். மூன்று பத்தோடு சேர்ந்தது. நாலு ஒன்பதோடு சேர்ந்தது. அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, காது சூடாகிவிட்டது. ஐந்து எட்டோடு. கடைசியாக ஆறு ஏழோடு. சின்ன வரிசைகள் ஆறும் காணாமல் போயின. பலகையில் இருந்தது ஏழே வரிசை, எல்லாம் ஒரே நீளம். ஒவ்வொன்றிலும் பதின்மூன்று.

ஆபீசர் குனிந்து விரலை வைத்து எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். "பதின்மூன்று ஏழு... அட! தொண்ணூற்றொன்று வகுபடுகிறதா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவரும் என் பள்ளிக்கூடத்து ஜாதிதான் போலிருக்கிறது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பிக் காகிதத்தை நீட்டினார். "நீரே அடித்துவிடும்" என்றார். அவ்வளவுதான். சந்து நடுவில் நின்று, ஒரு ஹமாலியின் முதுகில் காகிதத்தை வைத்து, என் 'அசாத்திய'த்தை நானே கோடு போட்டு அடித்தேன்.

முதுகு கொடுத்த அந்த ஹமாலி திரும்பி என்னைப் பார்த்து, "ஹதிமூரேள்ளி தொம்பத்தொந்து, ஸ்வாமி. நம்ம ஊர மக்கியல்லே இதே" என்றான், எங்கள் ஊர் வாய்ப்பாட்டிலேயே இருக்கிறதே என்று. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டே வருஷம் இருந்தவன். அங்கே வாய்ப்பாடு இருபது வரை ஓதுவார்களாம். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில், ஏழாவது இடத்தில், அந்த எண் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. நானும் ஆபீசரும் பன்னிரண்டோடு புத்தகத்தை மூடிவிட்டவர்கள்.

"தெரிந்தால் அன்றைக்கே சொல்லக் கூடாதாடா?" என்று கத்தினேன்.

"நீவு கேளலில்லா, ஸ்வாமி" என்றான். நான் கேட்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் அவள் அந்த இடத்திலேயே இருந்தாள். காலையில் வண்டியடியில் கோபுரம், அப்புறம் பலகையில் ஏழு வரிசை, விற்காத நாளில் மத்தியானம் தேன்கூடு. நான் தினமும் ஒரு பழம் வாங்குவேன். காகிதம் என் கையெழுத்து என்பதை மட்டும் சொல்லவில்லை, உத்தியோகஸ்தன் என்பதால்தான் என்னை அடிக்கச் சொன்னார் என்று நினைத்திருப்பாள் என்றே நம்பினேன். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் முந்திக்கொண்டு, "இன்னொண்ணு இருக்குதுங்களா சாமி? மூணுக்கும் ஒத்துக்கறது?" என்று கேட்டுவிடுவாள். அண்ணனுக்கு உடம்பு மோசம் என்று ஒரு நாள் ஊருக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் வாழைப்பழக்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவனிடம் கேள்வியே கிடையாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருந்தது நேரம்தான். நாலு நோட்டு வாங்கினேன். ஏழு தட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு கோபுரத்துக்கும் எத்தனை பழம், அது முக்கோணமாகப் படுக்குமா, தேன்கூடாகச் சுற்றுமா. பத்துத் தட்டு, இருபது, ஐம்பது. ஒன்றும் படுக்கவில்லை. வீட்டில் எனக்குப் பைத்தியம் என்றே முடிவு செய்துவிட்டார்கள். எண்பத்தைந்தாவது தட்டில் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு லட்சத்து எட்டாயிரத்து முந்நூற்று முப்பத்தைந்து பழம். அறுநூற்று நாற்பத்தைந்து வரிசை முக்கோணம். ஒன்று மிஞ்சாது, ஒன்று குறையாது!

மறுநாளே சாமராஜநகருக்கு ரயில் ஏறினேன். அங்கிருந்து கொள்ளேகாலுக்கு பஸ். வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். ராஜ்ய எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பையைச் சோதித்த ஜவான் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாருடைய கணக்கு இது?" என்றான். "ஆரஞ்சுப் பழத்தின் கணக்கு" என்றேன். "பழம் எங்கே?" என்றான். இரண்டு லட்சம் பழத்துக்கு நான் எங்கே போவேன்?

ஹனூர்ப் பக்கம் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அவள் தலை நன்றாக நரைத்திருந்தது. வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். சௌக்கியமா என்று கேட்கவில்லை, எங்கே வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

"இருக்குதுங்களா சாமி?" என்றாள்.

நோட்டைத் திறந்து வைத்து எண்பத்தைந்து தட்டைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அத்தனை உயரக் கோபுரத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். "முக்கோணமாப் படுக்குதுங்களா?" "படுக்கிறது." "தேன்கூடு?"

"இல்லை. நடுப்பழத்தை எடுத்துவிட்டால் மீதி ஆறு ஆறாகப் பிரிய வேண்டும். இதில் இரண்டு மிஞ்சுகிறது."

"அப்போ மூணுக்கும் நம்மது ஒண்ணுதானுங்க" என்று புளி ஒட்டின கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. பத்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அந்தக் காகிதத்தை எழுதினது நான்தான்மா. உன் இடத்தைப் பிடுங்கச் சொல்லி. ஆபீசர் இல்லை, நான்."

அவள் ஒரு புளியம்பழத்தை உடைத்துக் கொட்டையைத் தனியாகப் போட்டாள்.

"தெரியுமுங்க சாமி. அதனாலதான் அன்னைக்கு அத்தனை மெதுவா அடுக்கினனுங்க. நீங்க பாக்கோணும்னு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடித்ததும் நோட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"செரி, சொல்லுங்க. அந்தப் பெருசு ஏனுங்க ஒத்துக்கலை?"